சும்மா சார் வாய் திறந்த நாள்

இடி விழுந்தால்கூட ஒரு தடவைதான் அதிரும். சும்மா சார் விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த பிறகு, ஒரு வாரம் சேர்ந்தாற்போல் யாரும் அதிராமல் இருந்ததில்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் வாயைத் திறந்து யாரையும் ஒரு வார்த்தை சொன்னவர் அல்ல. வாயைத் திறக்காமலே வருஷக்கணக்கில் எங்களை அதிரவைத்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அவர் மனைவி மங்கை டீச்சருக்கு அது தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் சும்மா சார். குழாயடியோ, கசாப்புக் கடையோ, அடிதடி நடக்கும் முச்சந்தியோ, எங்கே கண்டு "என்னா சார், இங்க நிக்கறீங்க" என்று கேட்டாலும், "சும்மா பாத்துக்கிட்டு இருக்கேங்க" என்பார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு, எல்லோர் கையிலும் செல்போன் வருவதற்கு முன்பு நடந்த கதை. நான் செராமிக் எஸ்டேட்டில் மின்சாரத்துக்கான பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். தெருவில் பாதிப் பெண்களுக்கு எஸ்டேட்டில்தான் வேலை. சாயங்காலம் திரும்பும்போது தலை, புருவம், சேலை எல்லாம் களிமண் தூசியில் வெளுத்து, இருபது வயதுப் பெண்ணும் கிழவியாகத்தான் வீடு வந்து சேருவாள். எதிர்வீட்டு லூர்து அக்கா மட்டும் வெளுத்தாலும் கிழவியாகத் தெரியமாட்டார். அவர் குரல் அப்படி. நாங்கள் கீழ் போர்ஷன். மாடி போர்ஷனுக்கு வந்தவர்கள்தான் சாரும் டீச்சரும். டீச்சருக்கு நல்லூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் பஸ்.

வந்த அன்றே முதல் அதிர்ச்சி. கண்ணாடி வைத்த பீரோவை நாலு பேர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சார் அந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு, ஆர்வமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பீரோ திரும்பியது. கண்ணாடி கம்பியில் மோதிச் சுக்குநூறாகக் கொட்டியது.

"சார், அந்தக் கம்பி உங்களுக்குத் தெரியலயா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அவங்க எடுக்கவேண்டிய முடிவு மாறிடும் இல்லீங்களா. யாரு திருப்பச் சொல்றாங்க, யாரு அதக் கேக்கறாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

உடைந்தது அவருடைய சொந்த பீரோ. மங்கை டீச்சர் துடைப்பத்தைத் தேடிப் போனார். அவர் போன விதத்திலேயே, இது முதல் கண்ணாடி இல்லை என்று புரிந்தது.

விஷயம் பிறகு தெரிந்தது. சார் பொது நிர்வாகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு தனியார் கல்லூரியில் இருந்த வேலையையும் அதற்காக விட்டுவிட்டார். என்ன ஆராய்ச்சி என்று லூர்து அக்காதான் முதலில் கேட்டார்.

"கவர்மெண்டு மேல ஒரு கொள்கை வகுக்குது இல்லீங்களா. அது கீழ வரும்போது, ஒரு ஆபீஸ்ல உக்காந்து முடிவா எப்படி மாறுதுன்னு பாக்கறேன்."

"அதுக்கு ஏன் சார் இத்தினி வருஷம்? முடிவு எடுக்கறவங்களயே கேட்டா சொல்லிடப் போறாங்க."

"அவங்களுக்கும் தெரியாதுங்க. அதனாலதான் ஆராய்ச்சி."

பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரை 'கைடு' என்பார். அந்த கைடு கறாராக ஒரு விதி போட்டிருந்தாராம். ஆராய்ச்சி செய்கிறவன் சுவரில் பல்லி மாதிரி இருக்க வேண்டும். பார்க்கலாம், கேட்கலாம். தலையிடக் கூடாது. தலையிட்டால் பார்த்தது அத்தனையும் செல்லாது.

"பல்லிகூட சமயத்துல கத்துமே சார்" என்றார் லூர்து அக்கா.

சார் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். "அத கைடு யோசிக்கலீங்க போல" என்றார்.

ஊரில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் மூலையில் நாற்காலி போட்டு உட்கார அனுமதி வாங்கியிருந்தார். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. ரேஷன் கடைகள் சம்பந்தப்பட்ட வேலை அங்கே நடந்தது என்பது வரைக்கும் தெரிந்தால் போதும். அவர் போய் உட்கார்ந்த முதல் சில நாட்கள் அங்கே இருந்தவர்களுக்கு அவரை லஞ்ச ஒழிப்பு ஆள் என்று சந்தேகம். மனு கொடுக்க வந்தவர்களை எழுந்து நின்று வரவேற்றார்கள். பெயர் திருத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்த பெண்ணாடத்துப் பெரியவர் ஒருவருக்கு, போன அன்றைக்கே கார்டு கையில் கிடைத்தது. அவர் அதிர்ச்சியில் வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்கினாராம். அப்புறம் இவர் வெறும் பி.எச்டி. ஆள்தான் என்று தெரிந்தது. அலுவலகம் நிம்மதியாகப் பழைய வேகத்துக்குத் திரும்பியது.

ஊரே வருத்தப்பட்டது. சார் மட்டும் சந்தோஷப்பட்டார். "இப்பதாங்க நான் அங்க இல்லாத மாதிரி இருக்கேன்" என்றார்.

அவர் அங்கே இல்லாத மாதிரி இருந்ததில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் உதவியாளர் அவரை உள்ளே வைத்தே பூட்டிவிட்டுப் போய்விட்டார். ஆறு மணியாகியும் ஆளைக் காணோம் என்று மங்கை டீச்சரும் நானும் தேடிப் போனோம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சார் நின்றுகொண்டிருந்தார்.

"பூட்டும்போது ஒரு குரல் கொடுக்கக் கூடாதாங்க?" என்றார் டீச்சர்.

"பூட்டலாமா, இன்னும் கொஞ்சம் வேலை இருக்குதான்னு ரெண்டு பேரு பேசிக்கிட்டு இருந்தாங்க மங்கை. நடுவுல நான் எப்படி பேசறது?"

வாட்ச்மேனைத் தேடிப் பிடித்துத் திறக்க வைத்தோம். வெளியே வந்த சார், திறப்பதா வேண்டாமா என்று வாட்ச்மேன் யாரைக் கேட்டார், எவ்வளவு யோசித்தார் என்று வழியெல்லாம் எங்களிடம் விசாரித்துக்கொண்டே வந்தார்.

பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒருநாள் டீச்சரிடம் முருங்கைக்கீரை கொடுக்க மாடிக்குப் போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அடுப்புக்கு நேர் எதிரே நாற்காலியில் சார். நான் ஓடிப்போய் அணைத்தேன். குளித்துவிட்டு வந்த டீச்சர் அடுப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"ஆமா மங்கை. நல்லா பாத்தேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷன் இப்படியும் இருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

ஆனால் அதெல்லாம் விளையாட்டு அதிர்ச்சி. நிஜமான அதிர்ச்சி ரேஷன் கடை ரூபத்தில் வந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ரேஷன் கடை இருந்தது. எஸ்டேட் பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து அரிசி வாங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பீஸ் ரேட்டுக் கூலி. கை நின்றால் கூலி நின்றுவிடும். அந்தக் கடையை மூடி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடையோடு சேர்க்கப் போகிறார்கள் என்று கடைக்காரர் ஒருநாள் லூர்து அக்காவிடம் சொல்லிவிட்டார். சிக்கனம் என்று மேலிடத்துக் கொள்கையாம். எங்கள் ஊர் ஜங்ஷன். அந்த கேட்டு மூடினால் எப்போது திறக்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது. அரிசி வாங்கப் போனால் அரை நாள் கூலி போச்சு.

லூர்து அக்கா நேராக மாடி ஏறினார். பின்னாலேயே நான், எனக்குப் பின்னால் நாலைந்து பெண்கள்.

"சார், நீங்க தெனம் போய் உக்கார்ற ஆபீஸ்லதான் இது நடக்குதாம். உங்களுக்கு எதுனா தெரியுமா?"

சார் எழுந்து நின்றார். "தெரியுங்க."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்து."

சார் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார். ஒரு முடிவை முதல் நாளிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை தலையிடாமல் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்கு அவருக்குக் கிடைத்த முடிவு இதுதான். வருகிற வாரம் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து ஒரு கூட்டம் நடத்திக் கையெழுத்துப் போட்டால் ஆராய்ச்சி முடிந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த கெடுவும் முடியப் போகிறது. இதை விட்டால் வேறு முடிவைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து பார்க்க இனி நேரம் கிடையாது.

லூர்து அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "தெரிஞ்சிக்கிட்டேவா எங்க வூட்டு மீன் கொழம்ப வாங்கி சாப்புட்டீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் டீச்சர் அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு ஒன்று சொன்னாராம். அதைப் பின்னாளில் டீச்சரே எனக்குச் சொன்னார். "நீங்க பாக்கறத பாருங்க. உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இத்தினி வருஷமா நானும் பாத்துக்கிட்டுதான இருக்கேன்." அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க மாடியில் பேச்சுச் சத்தமே இல்லை.

கூட்டத்தன்று நான் லீவு போட்டேன். எஸ்டேட் பெண்கள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாவட்டத்து அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மூலையில் வழக்கமான நாற்காலியில் சார். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

தலைமை எழுத்தர் அறிக்கையைப் படித்தார். இரண்டு கடைகளுக்கும் இடையே தூரம் சொற்பம். நேரில் விசாரணை செய்யப்பட்டது. பொதுமக்கள் மனமுவந்து சம்மதம் தெரிவித்தனர்.

"யாருங்க சம்மதம் சொன்னது? எங்களாண்ட யாருங்க வந்து கேட்டது?" என்றார் லூர்து அக்கா. எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதிகாரி கையை உயர்த்தினார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மதியத்துக்குள் இன்னும் இரண்டு ஊர் பாக்கி. "நேர்ல விசாரிச்சதா எழுத்து மூலமா இருக்குதும்மா. நீங்க இப்ப வந்து இல்லன்னா நான் எத நம்பறது?" என்று பேனா மூடியைக் கழற்றினார்.

"யாரும் போகலீங்க."

குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை நாற்காலியைப் பிடித்திருந்தது. நாற்காலி கடகடவென்று ஆடியது. தலைமை எழுத்தர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் எழுந்து பேசியிருந்தால்கூட அவர் அவ்வளவு அதிர்ந்திருக்கமாட்டார்.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"நான் ஆராய்ச்சி மாணவனுங்க. விசாரணைக்குப் போனதா எழுதியிருக்கற அன்னிக்கி காலையிலேருந்து மழைங்க. ஆபீஸ்ல இருந்ததே ஒரு கொடைதான். அது நாள் முழுக்க ஜன்னல்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. தூரத்த மேப்புல ஸ்கேல் வெச்சு அளந்தாங்க. ஸ்கேலு பக்கத்து செக்‌ஷன்ல கடன் வாங்கினது. அந்த மேப்புல ரயில்வே கேட்டே இல்லீங்க. சம்மதம் தெரிவிச்சாங்கங்கற வரி, வேற ஒரு ஊரு அறிக்கையிலேருந்து எடுத்துப் போட்டது. அதுல ஆத்தங்கரை மக்கள்னு வரும் பாருங்க."

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். 'ஆற்றங்கரைக் குடியிருப்போர் மனமுவந்து' என்று இருந்தது.

"எங்க தெருவுல ஏதுங்க ஆறு?" என்றார் லூர்து அக்கா. "கால்வாயே ஒழுங்கா இல்ல."

அதோடு சார் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை. வருஷக்கணக்கில் தேக்கி வைத்தது, ஏரி உடைந்த மாதிரி கொட்டியது. ஜன்னல் பக்கத்து மேஜைக்கு யார் யாருக்குச் சண்டை, எந்த மின்விசிறியை யார் வராத நாளில் யார் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள், எல்லாம் வந்தது. "இந்த ஆபீஸ்ல எல்லாரையும் கலந்து பேசி எடுக்கற முடிவு ஒண்ணே ஒண்ணுதாங்க. டீயா காபியாங்கறது" என்றார். கடைசியில் அதிகாரியைப் பார்த்து, "நீங்களும் போன தடவ கடைசிப் பக்கத்த படிக்காமதாங்க கையெழுத்து போட்டீங்க" என்றார்.

எனக்கு, இவரைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்றே தோன்றியது. அதிகாரி பேனாவை மூடினார். "கேட்டு எங்க இருக்குது, காட்டுங்க" என்று எழுந்தார்.

போனோம். கேட்டு மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி முன்னால் போனது, நின்றது, பின்னால் வந்தது, யோசித்தது, மறுபடி முன்னால் போனது. வெயில் மண்டையைப் பிளந்தது. அதிகாரியின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. லூர்து அக்கா தன் துண்டைக் கொடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒருவழியாக கேட்டு திறந்ததும் அதிகாரி, "தெனமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இன்னிக்கி சீக்கிரமா தொறந்துட்டாங்க" என்றார் லூர்து அக்கா.

அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. கடை எங்கள் தெருவிலேயே நிலைத்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது சார் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் போச்சுங்க" என்றார், ஏதோ பஸ் போய்விட்டது என்கிற மாதிரி. அரை நாள் லீவில் வந்து சேர்ந்த மங்கை டீச்சர், யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். டிபன் டப்பாவைத் திறந்து அவர் கையில் வைத்தார்.

"என்னா நடந்துச்சு, மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார். சார் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்தில் கைடுக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கதவைத் தாண்டி கைடின் சத்தம் தெருவுக்கே கேட்டது. அலுவலகத்தில் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். தலைமை எழுத்தர் ஒருநாள் தெருவில் அவரை மறித்து, "அறிக்கைய பத்தி சொன்னீங்க, சரி. ஜன்னல் மேஜைய பத்தி ஏன் சார் சொன்னீங்க? இப்ப அதையும் மாத்திட்டாங்க" என்று குறைப்பட்டார். சார் அவரிடம் உண்மையாகவே மன்னிப்புக் கேட்டார்.

அதற்கப்புறம் மாடியில் டைப் அடிக்கிற சத்தம். நான்தான் அடித்தேன். பார்த்ததை எல்லாம் எழுதினார். பேசிக் கெடுத்ததையும் எழுதினார். தலையிடாமல் எதையும் பார்க்க முடியாது, பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதும் ஒரு தலையீடுதான் என்று ஒரு அத்தியாயம். அதை அடிக்கும்போது எனக்கு எழுத்துப்பிழை நிறைய வந்தது. கைடு அதைப் படித்துவிட்டு ரொம்ப நாள் பதிலே போடவில்லை. பிறகு ஒருநாள் கெடுவை நீட்டிக்கத் தானே எழுதிக் கேட்டு வாங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு அதிர்ந்தவர் சார்.

கடைசியாகப் பல்கலைக்கழகத்தில் பொது வாய்மொழித் தேர்வு. "பொதுன்னா யாரு வேணாலும் வரலாமா?" என்று லூர்து அக்கா கேட்டார். "சட்டப்படி வரலாங்க. யாரும் வர்றதில்ல" என்றார் சார். எங்கள் தெரு வந்தது. துறை வரலாற்றிலேயே பொதுமக்கள் வந்தது அதுதான் முதல் தடவையாம். நாற்காலி போதாமல் பக்கத்து வகுப்பிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தன் கேள்விகளை முடித்துவிட்டு, வழக்கப்படி, "பொதுமக்கள் தரப்பில் கேள்வி ஏதாவது?" என்று கேட்டபடியே ஃபைலை மூடினார்.

"இருக்குதுங்க" என்று ஒரு பெண் எழுந்தாள். "போன மாசம் சக்கரை ஏன் போடல?"

தேர்வாளர் கைடைப் பார்த்தார். கைடு கூரையைப் பார்த்தார். சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சர்க்கரை எங்கே ஒதுக்கப்பட்டு எங்கே தங்கி எங்கே தாமதமாகிறது என்று அந்தப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். தேர்வாளர் மூடிய ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டார்.

அப்புறம் லூர்து அக்கா எழுந்தார்.

"ஐயா, இவரு எல்லாம் தெரிஞ்சும் அவ்ளோ நாளு எங்களாண்ட சொல்லாம இருந்தாரு. அதுக்கு மார்க்கு கொறைக்கணும்னா கொறைச்சிக்கிங்க. ஆனா கடைசியில சொன்னாரு பாருங்க, அதுக்கு சேத்துப் போடுங்க."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சார் மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அது தேர்வாளருடைய தண்ணீர்.

பட்டம் கிடைத்துவிட்டது. திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சார், டீச்சர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றது. டீ குடித்துவிட்டு எல்லோரும் ஏறினோம். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

லூர்து அக்கா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, "விசில் வேணாங்க. எங்க டாக்டரு தூங்கறாரு" என்றார்.